ஆடிட்டரா, கார்ப்பரேட் வக்கீலா: காமர்ஸ் மாணவர்களுக்கு ஓர் ஒப்பீடு

பிளஸ் டூவில் காமர்ஸ் எடுத்த பிள்ளைகளின் வீடுகளில் தேர்வு முடிந்ததும் எழும் கேள்வி இது: ஆடிட்டர் ஆவதற்கான சி.ஏ. (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) படிப்பதா, சட்டம் படித்துக் கம்பெனி வக்கீலாவதா? பெரும்பாலும் பேச்சு உடனே சம்பளத்துக்குப் போய்விடுகிறது. உச்சத்தில் இருக்கும் ஆடிட்டரும் நன்றாகச் சம்பாதிக்கிறார், உச்சத்தில் இருக்கும் வக்கீலும் நன்றாகச் சம்பாதிக்கிறார். அவர்களைப் பார்த்து ஒரு பதினேழு வயதுப் பிள்ளை முடிவெடுக்க முடியாது. நான் ஆடிட்டராகத் தொழில் செய்பவன். கம்பெனி விற்பனை, இணைப்பு போன்ற வேலைகளில் கார்ப்பரேட் வக்கீல்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பழகியவன். என்னிடம் கேட்கும் பெற்றோரிடம் நான் சம்பளக் கணக்கைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு வேறொன்றைப் பார்க்கச் சொல்கிறேன். இந்த இரண்டு பாதைகளும் ஆட்களை எந்த இடத்தில் வடிகட்டுகின்றன என்பதே அது.

சி.ஏ.வில் நுழையும் வாசல் அகலமானது, வெளியேறும் வாசல் மிகக் குறுகியது. கார்ப்பரேட் சட்டத்தில் நுழையும் வாசலே குறுகியது. உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் பட்டத்தோடு வெளியே வந்துவிடுவார்கள். இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

முதலில் சி.ஏ. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய எவரும் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் தேர்வு எழுதலாம். எந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது, எந்த ஊர், எந்தப் பள்ளி என்று யாரும் கேட்கப்போவதில்லை. 1949ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த ஐ.சி.ஏ.ஐ. (இந்தியச் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்டுகள் நிறுவனம்) என்ற ஒரே அமைப்புதான் நாடு முழுவதற்கும் தேர்வு நடத்துகிறது. உடன்குடியிலிருந்து எழுதுபவருக்கும் தெற்கு மும்பையிலிருந்து எழுதுபவருக்கும் ஒரே வினாத்தாள். 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் ஃபவுண்டேஷனில் நான்கு தாள்கள், இன்டர்மீடியட்டில் ஆறு, ஃபைனலில் ஆறு. இன்டர்மீடியட்டும் ஃபைனலும் மும்மூன்று தாள்கள் கொண்ட இரண்டு குரூப்புகள். ஒவ்வொரு தாளிலும் குறைந்தது 40 மதிப்பெண் வேண்டும், குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனைதான் பலரைக் கவிழ்க்கிறது. எல்லாத் தாளிலும் 45 வாங்கியவர் தேர்ச்சி பெறமாட்டார். ஃபைனலில் இரு குரூப்புகளையும் ஒரே வேளையில் எழுதுவோரில் தேறுபவர்கள் அண்மை ஆண்டுகளில் 20 சதவீதத்தைத் தாண்டியதே அரிது. அதுவும் இன்டர்மீடியட்டைக் கடந்து, பயிற்சியும் முடித்து வந்தவர்களில்!

ஆகவே, சி.ஏ. மூன்றரை ஆண்டில் முடியும் என்று கோச்சிங் நிலையங்கள் சொல்வது ஏட்டுக் கணக்கு. ஒரு தடவைகூடத் தவறாமல் எல்லாத் தேர்விலும் தேறினால் அது உண்மை. இரண்டு மூன்று அட்டெம்ப்ட் கூடுதலாக ஆனவர்களே அதிகம், அவர்களில் நல்ல ஆடிட்டர்கள் ஏராளம். தேர்வுகள் இப்போது ஆண்டுக்கு மூன்று முறை நடக்கின்றன; 2025 முதல் ஃபைனலும் அப்படியே. ஒரு தாளில் 60 வாங்கிவிட்டால் குரூப்பில் தவறினாலும் அடுத்த மூன்று தேர்வுகளுக்கு அந்தத் தாளை மீண்டும் எழுத வேண்டியதில்லை. இவை பெரிய ஆறுதல்கள். ஆனாலும் இருபத்துமூன்று வயதில், உடன் படித்தவர்களெல்லாம் வேலைக்குப் போய்விட்ட பிறகு, மீண்டும் அதே புத்தகத்தைத் திறந்து உட்காரும் மனம் வேண்டும். அந்த மனம் பிள்ளைக்கு இருக்கிறதா என்பதைப் பெற்றோர் நேர்மையாக யோசிக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண்கள் இதைப் பற்றி அதிகம் சொல்லாது. ஒருமுறை தோற்ற பிறகு அந்தப் பிள்ளை என்ன செய்தது என்பதுதான் சொல்லும்.

செலவு விஷயத்தில் சி.ஏ. ஏழை, நடுத்தரக் குடும்பங்களுக்கு இதமானது. ஐ.சி.ஏ.ஐ.க்குக் கட்டும் பதிவுக் கட்டணம், தேர்வுக் கட்டணம் எல்லாம் சேர்த்தாலும் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் நான்காண்டுக் கட்டணத்தை நெருங்குவது கடினம். பாடநூல்கள் அவர்கள் இணையதளத்திலேயே இலவசமாக இருக்கின்றன. கோச்சிங்குக்குத்தான் பணம் போகும். ஆடிட்டர் அலுவலகத்தில் பெறும் கட்டாயப் பயிற்சியான இரண்டு ஆண்டு ஆர்ட்டிக்கிள்ஷிப்பில் உதவித்தொகை கிடைக்கும். சிறிய ஆடிட்டர் அலுவலகத்தில் அது பஸ் செலவுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும், பெரிய நிறுவனத்தில் கொஞ்சம் கையில் மிஞ்சும்.

இனிச் சட்டம். கார்ப்பரேட் வக்கீல் என்று நாம் சொல்லும்போது மனத்தில் இருப்பது நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீல் அல்லர். கம்பெனிகள் பங்கு வாங்குவது, விற்பது, கடன் எடுப்பது, கூட்டு சேர்வது, பங்குச் சந்தைக்கு வருவது ஆகியவற்றுக்கான ஒப்பந்தங்களை எழுதுபவர், சட்டச் சிக்கல்களை முன்கூட்டியே பார்த்துச் சொல்பவர். இந்த வேலை இந்தியாவில் ஒரு சில பெரிய சட்ட நிறுவனங்களிடம் குவிந்திருக்கிறது: சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ், ஷார்துல் அமர்சந்த் மங்கள்தாஸ், கைத்தான், ஏ.இசட்.பி., டிரைலீகல் போன்றவை. இவை புதியவர்களைப் பெரும்பாலும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களிலிருந்தும், பெயர்பெற்ற சில தனியார் சட்டக் கல்லூரிகளிலிருந்தும் எடுக்கின்றன. நான்காம் ஆண்டு, ஐந்தாம் ஆண்டு இன்டர்ன்ஷிப்பின்போதே பலருக்கு வேலை உறுதியாகிவிடும்.

அதனால் உண்மையான தேர்வு பதினேழு வயதிலேயே நடந்துவிடுகிறது. கிளாட் என்ற நுழைவுத் தேர்வு: இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. ஆங்கிலம், நடப்புச் செய்திகள், சட்டத் தர்க்கம், பொதுத் தர்க்கம், கொஞ்சம் கணக்கு. எல்லாமே நீண்ட பத்திகளைப் படித்துப் பதில் சொல்வது. தேர்வு ஆங்கிலத்தில் மட்டும்தான். பெங்களூரில் 1987இல் தொடங்கப்பட்ட தேசியச் சட்டப் பள்ளி முதல் திருச்சியில் நாவலூர் குட்டப்பட்டில் இருக்கும் தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் வரை இதன் வழியாகத்தான் சேர்க்கை (டெல்லியிலுள்ள தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குத் தனித் தேர்வு). ஐந்து ஆண்டுக்குக் கட்டணமும் விடுதியுமாகப் பத்து லட்சத்துக்கு மேல் ஆகும். கல்விக் கடன் கிடைக்கும் என்றாலும், கடனோடு படித்து முடிக்கும் பிள்ளை முதல் வேலையைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரத்தைக் கொஞ்சம் இழக்கிறது.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியிலும் அதனுடன் இணைந்த அரசுச் சட்டக் கல்லூரிகளிலும் பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் இடம் கிடைக்கும், நுழைவுத் தேர்வு இல்லை. கட்டணம் தேசியப் பல்கலைக்கழகங்களோடு ஒப்பிடவே முடியாத அளவுக்குக் குறைவு. சீர்மிகு சட்டப் பள்ளியில் பி.காம்., எல்.எல்.பி. ஒருங்கிணைந்த படிப்பும் உண்டு. அங்கே படித்து மிக உயர்ந்த இடத்துக்கு வந்தவர்கள் நிறைய. ஆனால், அவர்களில் பெரும்பாலோர் ஏறியது நீதிமன்றப் படிகளில். மும்பையின் பெரிய சட்ட நிறுவனங்கள் இந்தக் கல்லூரிகளுக்கு வந்து வரிசையாக ஆள் எடுப்பதில்லை. இங்கிருந்து கார்ப்பரேட் வேலைக்குப் போக விரும்பும் மாணவர் ஒவ்வோர் இன்டர்ன்ஷிப்பையும் தானே கடிதம் எழுதி, தானே தட்டித் திறக்க வேண்டும். முடியாத காரியம் இல்லை. செய்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் சேரும் நாளிலேயே இதைத் தெரிந்துகொண்டு சேர வேண்டும்.

முதல் சம்பளத்தில் இந்த இடைவெளி கொடூரமாகத் தெரியும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்திலிருந்து பெரிய நிறுவனத்துக்குப் போகும் இருபத்துமூன்று வயதுக்காரர் ஆண்டுக்குப் பதினைந்து லட்சத்துக்கு மேல் வாங்குகிறார். அதே ஆண்டு பட்டம் பெற்று ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேரும் வக்கீலுக்கு மாதம் சில ஆயிரம்தான் என்ற நிலை இங்கே சாதாரணம். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றமே தலையிட்டு, ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற இடங்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்ச உதவித்தொகை தர வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது. ஒரே பட்டம், இரண்டு வேறு உலகங்கள். சி.ஏ.வில் இவ்வளவு பிளவு இல்லை. எந்த ஊரில் படித்தாலும் ஃபைனல் தேறிய பிறகு எல்லோருக்கும் அதே மூன்று எழுத்துத்தான். முதல் தடவையிலேயே தேறியவருக்கும் பெரிய நிறுவனத்தில் பயிற்சி பெற்றவருக்கும் வளாக நேர்காணலில் முன்னுரிமை உண்டு என்பது உண்மை; ஆனாலும் தகுதி பெற்ற எவரும் கௌரவமான சம்பளத்தில் தொடங்க முடிகிறது.

சரி, இரண்டிலும் உட்கார்ந்து செய்யும் வேலை எப்படிப்பட்டது? இதைத்தான் மாணவர்கள் குறைவாகக் கேட்கிறார்கள், நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

ஆடிட்டரின் அடிப்படைக் கேள்வி, நடந்ததாகச் சொல்வது உண்மையிலேயே நடந்ததா என்பது. விற்றதாக எழுதியிருக்கிறார்கள், சரக்கு கிடங்கை விட்டுப் போனதா? வங்கியில் இவ்வளவு பணம் இருக்கிறது என்கிறார்கள். வங்கி அதை நேரடியாக நமக்கு எழுதிச் சொல்கிறதா? பயிற்சிக் காலம் முழுக்க வவுச்சர்களைப் பார்ப்பது, லெட்ஜரை அலசுவது, வங்கிக் கணக்கோடு ஒத்துப்பார்ப்பது, மார்ச் 31 அன்று நூல் மூட்டைகளையோ டயர்களையோ எண்ணிக்கொண்டு நிற்பது என்று போகும். சலிப்பாகத் தோன்றும். ஹைதராபாத் ஐ.டி. நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸில் நடந்த கணக்கு மோசடியை நினைத்துப் பார்த்தால் அந்தச் சலிப்பின் மதிப்பு தெரியும். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதத்தில், பேலன்ஸ் ஷீட்டில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லாத பணம் என்று ஒப்புக்கொண்டார். பயிற்சி மாணவன் முதல் மாதத்தில் கற்கும் ஒத்துப்பார்க்கும் வேலைதான் அந்த இடத்தில் பொருள்பட்டது. நிறுவனத்தை மீட்க அரசு அமைத்த இயக்குநர் குழுவில் தமிழகத்தைச் சேர்ந்த ஆடிட்டர் டி.என். மனோகரன் இடம்பெற்றார், பிறகு 2010இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது.

கார்ப்பரேட் வக்கீலின் கேள்வி எதிர்காலத்தைப் பற்றியது. நாளை இந்தக் கூட்டாளி பணம் கட்டாமல் போனால்? வாங்கிய கம்பெனியில் பழைய வரிப் பாக்கி ஒன்று வெளியே வந்தால் அதை யார் கட்டுவது? நிறுவனர் பாதியில் விலகிப் போட்டித் தொழில் தொடங்கினால்? இன்னும் நடக்காத சண்டைகள் ஒவ்வொன்றையும் கற்பனை செய்து, அதற்கான பதிலை இன்றைக்கே ஒரு வாக்கியமாக எழுதிவைக்க வேண்டும். முதல் சில ஆண்டுகளில் இளம் வக்கீல் செய்வது பெரும்பாலும் டியூ டிலிஜென்ஸ்: விற்பனைக்கு வந்த கம்பெனியின் உரிமங்கள், குத்தகைப் பத்திரங்கள், கடன் ஒப்பந்தங்கள், வழக்குகள் என நூற்றுக்கணக்கான ஆவணங்களைப் படித்து, சிக்கல் எங்கே என்று அறிக்கை எழுதுவது. பிறகு ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு, பிறகு முழு ஒப்பந்தம். எதிர்த் தரப்பு வக்கீல் திருத்தி அனுப்பியதை மறுபடி திருத்துவது, அது நள்ளிரவில் திரும்பி வருவது, காலைக்குள் மீண்டும் அனுப்புவது. வாக்கியத்தில் ஒரு நிபந்தனைச் சொல் இடம் மாறினால் கோடிகள் இடம் மாறும் என்பதை உணர்ந்து படிக்கும் கண் வேண்டும்.

இரண்டு தொழிலும் ஒரே காரியத்தில் எப்படிச் சேர்கின்றன என்பதற்கு டி.வி.எஸ். குடும்பத்தின் தொழில் பிரிவினை நமக்குப் பக்கத்திலேயே இருக்கும் நல்ல எடுத்துக்காட்டு. தலைமுறைகளாகச் சேர்ந்திருந்த பங்குகளைக் குடும்பக் கிளைகளுக்கு இடையே பிரித்துக்கொள்ளும் திட்டத்துக்கு 2021 இறுதியில் சென்னை தேசியக் கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் ஒப்புதல் தந்தது. இப்படிப்பட்ட திட்டம் எதற்கும் கம்பெனிகள் சட்டம் 2013இன் 230 முதல் 232 வரையிலான பிரிவுகள் பொருந்தும். திட்ட ஆவணத்தை எழுதுவது, தீர்ப்பாயத்தில் மனுச் செய்வது, பங்குதாரர் கூட்டம், ஆட்சேபங்கள் எல்லாம் சட்டப் பக்கம். எந்தப் பங்குக்கு என்ன மதிப்பு, ஒரு பங்குக்கு எத்தனை பங்கு, கணக்கில் இதை எப்படி எழுதுவது என்பவை கணக்குப் பக்கம். கணக்கு முறை தரநிலைகளுக்கு ஒத்திருக்கிறது என்று ஆடிட்டர் சான்று கொடுக்காவிட்டால் தீர்ப்பாயம் அந்தத் திட்டத்துக்கு ஒப்புதல் தராது என்று சட்டமே சொல்கிறது. இந்தக் காட்சியைக் கற்பனை செய்துகொண்டு, மேசையின் எந்தப் பக்கத்து நாற்காலி உங்களை ஈர்க்கிறது என்று பாருங்கள்.

ஆடிட்டர் தொழிலுக்கு இருக்கும் மிகப் பெரிய பலம் சட்டம் தந்தது. இந்தியாவில் பதிவான எந்தக் கம்பெனியும், ஒரு லட்சம் ரூபாய் மூலதனமுள்ள சின்னத் தனியார் கம்பெனியானாலும், ஆண்டுதோறும் கணக்கைத் தணிக்கை செய்தாக வேண்டும். கையெழுத்துப் போடத் தகுதியுள்ளவர் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் மட்டுமே. குறிப்பிட்ட விற்றுமுதலைத் தாண்டிய கடைக்காரருக்கு வருமான வரித் தணிக்கையும் உண்டு. வியாபாரம் ஏறினாலும் இறங்கினாலும் இந்த வேலை இருக்கும். கார்ப்பரேட் வக்கீலுக்கு இப்படி ஒரு கட்டாயத் தேவையை எந்தச் சட்டமும் உருவாக்கவில்லை. முதலீடு வரும் காலத்தில் வேலை குவியும். பங்குச் சந்தை சுருண்டால் ஒப்பந்தங்கள் ஒத்திப்போகும். பெரிய நிறுவனங்கள் அதைத் தாங்கும், சின்ன நிறுவனங்கள் திணறும்.

ஊர் என்ற விஷயமும் இதோடு ஒட்டியது. என்னைக் கேட்டால், தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இதற்குத்தான் அதிக எடை கொடுக்க வேண்டும். திருப்பூர், கரூர், சிவகாசி, நாமக்கல், ராஜபாளையம் எங்கே போனாலும் ஆடிட்டர் அலுவலகம் இருக்கும்; அங்கே ஏற்றுமதியாளர்கள், மில் உரிமையாளர்கள், அச்சகத்தார், லாரி உரிமையாளர்கள் வந்துபோவார்கள். சொந்த ஊரில், பெற்றோர் பக்கத்தில் இருந்துகொண்டே முழுமையான, மதிப்பான தொழில் வாழ்க்கை வாழலாம். கார்ப்பரேட் சட்டத்தில் அது ஏறக்குறைய முடியாது. மும்பை, டெல்லி, பெங்களூரு. அடுத்தபடியாகச் சென்னை, ஹைதராபாத். முதல் பத்தாண்டு அங்கேதான். மாநகர வாழ்க்கை பிடித்தவர்களுக்கு இது குறையே அல்ல. ஊரைவிட்டு வரமாட்டேன் என்னும் பிள்ளை இதைப் படிப்பு முடிந்த பிறகு உணர்ந்தால் வருத்தம்தான் மிஞ்சும்.

வெளிநாடு போகும் ஆசை இருந்தால்? அதிலும் சி.ஏ.வுக்குச் சற்றுச் சாதகம் உண்டு. இந்தியக் கணக்குத் தரநிலைகள் பன்னாட்டுத் தரநிலைகளை ஒட்டியே வகுக்கப்பட்டுள்ளதால் துபாயிலும் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் நம் ஆடிட்டர்கள் நிதித் துறைகளில் எளிதாகப் பொருந்திவிடுகிறார்கள். சட்டம் ஒவ்வொரு நாட்டுக்கும் சொந்தமானது. இங்கிலாந்தில் சொலிசிட்டராக வேண்டுமானால் அங்குள்ள தகுதித் தேர்வை எழுத வேண்டும். எதிர்த் திசையில், வெளிநாட்டுச் சட்ட நிறுவனங்கள் இங்கே வருவதைப் பற்றிய வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில்தான் 2010இல் தொடங்கியது. ஏ.கே. பாலாஜி வழக்கு என்று சட்ட உலகம் சொல்லும் அது 2018இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது: அவை இங்கே அலுவலகம் திறக்கக் கூடாது, தற்காலிகமாக வந்து ஆலோசனை சொல்லிப் போகலாம் என்பது அதன் சாரம். 2023இல் வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்தியப் பார் கவுன்சில் விதிகளைத் தளர்த்தத் தொடங்கியது. அது முழுமையாகத் திறந்தால் இந்தியக் கார்ப்பரேட் வக்கீல்களுக்கு வாய்ப்பும் போட்டியும் சேர்ந்தே பெருகும்.

வேலை நேரத்தைப் பற்றிச் சுருக்கமாக: இரண்டிலும் எட்டு மணி நேர வேலை கிடையாது. ஆடிட்டருக்கு நெருக்கடி நாட்காட்டியில் எழுதியிருக்கும். ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி வாக்கில் ஜி.எஸ்.டி., ஜூலையில் வருமான வரி, செப்டம்பர் முழுக்கத் தணிக்கை. எப்போது வீட்டுக் கல்யாணத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று முன்பே தெரியும். கார்ப்பரேட் வக்கீலுக்கு அப்படித் தெரியாது. ஒப்பந்தம் முடியும் வாரம் எப்போது வருகிறதோ அப்போது தூக்கம் போய்விடும், எதிர்த் தரப்பு நியூயார்க்கில் இருந்தால் இரவு பகலும் மாறிவிடும். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் இந்த வேறுபாடு மிகப் பெரியது. கணவனோ மனைவியோ யார் இந்த வேலையில் இருந்தாலும்.

பொறுப்பில் ஆடிட்டரின் சுமை அதிகம். அவர் இடும் ஒவ்வொரு சான்றுக்கும் யு.டி.ஐ.என். என்ற தனி எண் இருக்கிறது. பிறகு நான் போடவில்லை என்று சொல்ல முடியாது. சத்யத்துக்குப் பிறகு வந்த 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரிய கம்பெனிகளின் தணிக்கையாளர்களை விசாரித்துத் தண்டிக்க என்.எஃப்.ஆர்.ஏ. என்ற அமைப்பு 2018இல் வந்துவிட்டது. மோசடியைக் கண்டால் புகார் செய்வதும் கடமை. வாடிக்கையாளர் மாதாமாதம் கட்டணம் தருபவராகவும் நண்பராகவும் இருக்கும்போது, கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லும் துணிவு வேண்டும். இந்தத் துணிவு இல்லாதவர்கள் நம் தொழிலுக்கு வரக் கூடாது என்று நான் வெளிப்படையாகவே சொல்வேன். வக்கீல் தன் கட்சிக்காரருக்காக நிற்கலாம், நிற்கவும் வேண்டும். ஆடிட்டர் பணம் தருபவரைத் தாண்டி, அந்தக் கணக்கை நம்பிப் பணம் போடப்போகும் முகம் தெரியாதவர்களுக்காக நிற்க வேண்டும்.

மொழியையும் சொல்லிவிட வேண்டும். சி.ஏ. தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும். தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு முதல் ஓராண்டு கடினம். ஆனால் கணக்கும் வரியும் திரும்பத் திரும்ப வரும் குறிப்பிட்ட சொற்களால் ஆனவை, உழைத்தால் பிடிபட்டுவிடும். தமிழ்வழிப் பள்ளிகளிலிருந்து வந்து சிறந்து விளங்கும் ஆடிட்டர்கள் மாநிலமெங்கும் இருக்கிறார்கள். கார்ப்பரேட் சட்டத்தில் ஆங்கிலம்தான் உழைப்பின் கருவி, உற்பத்திப் பொருளும் அதுவே. நுணுக்கமாக எழுதப் பழகாதவர் அங்கே நிலைப்பது கடினம். வாசிப்பும் எழுத்தும் பிடித்த பிள்ளைக்கு இதுவே மகிழ்ச்சியாகவும் இருக்கும்.

இரண்டையும் சேர்த்துப் படிக்க முடியாதா? முடியும், பலர் செய்கிறார்கள். சி.ஏ. முடித்து மூன்றாண்டு எல்.எல்.பி. படித்தவர்களுக்கு வரிச் சட்டத்தில் தனி மரியாதை உண்டு. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை ஆடிட்டர் வாதாடலாம். கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்திலும் நிற்கலாம். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனதும் ஆடிட்டர் கோப்பை வக்கீலிடம் கொடுத்துவிட்டுப் பின்வரிசைக்குப் போக வேண்டும். எல்.எல்.பி. அந்தத் தடையை நீக்கும். 2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2025ஆம் ஆண்டுச் சட்டம். அதன் சொற்களுக்குப் பொருள் காணும் வழக்குகள் இனிப் பல ஆண்டுகளுக்கு வரும். கணக்கும் சட்டமும் ஒருசேரத் தெரிந்தவருக்கு அங்கே வேலை நிச்சயம். திவால் சட்டம் 2016இன்படி, திவாலான கம்பெனியின் தீர்வு நடவடிக்கைகளை நடத்தும் இன்சால்வன்சி புரொஃபஷனல் ஆவதற்கும் பத்தாண்டு அனுபவமுள்ள ஆடிட்டர், வக்கீல் இருவருக்குமே வழி இருக்கிறது.

ஆனால் சில முட்டுக்கட்டைகளை முன்பே அறிய வேண்டும். எல்.எல்.பி.யில் சேரப் பல்கலைக்கழகப் பட்டம் தேவை, சி.ஏ. மட்டும் போதாது. ஆகவே சி.ஏ. படிக்கும் பிள்ளை தொலைநிலையிலாவது பி.காம்.ஐ முடித்து வைத்துக்கொள்வது மிக முக்கியம். எல்.எல்.பி.யைத் தபால் வழியில் படிக்க முடியாது, வகுப்பு வருகை கட்டாயம். வேலையில் இருக்கும் ஆடிட்டருக்கு மூன்று ஆண்டு வருமானம் பாதிக்கும். படித்த பிறகும் ஒரே நேரத்தில் ஆடிட்டராகவும் வக்கீலாகவும் தொழில் நடத்த விதிகள் அனுமதிப்பதில்லை, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முழுநேரச் சம்பளத்தில் கம்பெனிச் சட்டத் துறைக்குப் போகும் வக்கீலும் தன் சன்னத்தை (வக்கீல் தொழில் செய்யும் உரிமத்தை) நிறுத்திவைக்க வேண்டும்.

கம்பெனிக்குள் இருந்து சட்ட நடைமுறைகளைக் கவனிக்கும் கம்பெனி செக்ரட்டரி படிப்பை நடுவழியாகச் சொல்வார்கள். கம்பெனிச் சட்டம் பிடித்து, ஐந்தாண்டு சட்டக் கல்லூரி முடியாதவர்களுக்கு அது நல்ல தொழில். பட்டியலிட்ட கம்பெனிகளுக்கும் பத்துக் கோடி ரூபாயோ அதற்கு மேலோ செலுத்திய மூலதனமுள்ள கம்பெனிகளுக்கும் முழுநேரச் செக்ரட்டரி கட்டாயம் என்பதால் வேலை இருக்கிறது. ஒப்பந்தம் எழுதும் வேலையை எதிர்பார்த்து அதில் சேர்ந்தால் ஏமாற்றம்தான்.

என் தீர்ப்பைக் கேட்பவர்களுக்கு: குடும்பத்தில் பணமோ தொடர்போ இல்லாத, தோல்வியைத் தாங்கும் உறுதியுள்ள, ஊரோடு வாழ விரும்பும் பிள்ளைக்கு நான் தயங்காமல் சி.ஏ.வைச் சொல்வேன், பி.காம்.ஐ உடன் முடித்து, பிடித்திருந்தால் இருபத்தைந்து வயதில் சட்டத்துக்குப் போகலாம். ஆங்கிலத்தில் நீண்ட கட்டுரைகளை விரும்பிப் படிக்கும், விவாதத்தில் நுணுக்கம் பார்க்கும் பிள்ளை கிளாட்டில் நல்ல தரவரிசையோடு முன்னணித் தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் பெற்றால், தயவுசெய்து அதை விட்டுவிட்டு வரச் சொல்லாதீர்கள்; அந்த வாய்ப்பு திரும்ப வராது. தரவரிசை கிடைக்காமல், கார்ப்பரேட் வேலைக்காக மட்டும் கட்டணம் அதிகமுள்ள, பெயர் தெரியாத தனியார் சட்டக் கல்லூரியில் கடன் வாங்கிச் சேருவதுதான் மூன்றிலும் மோசமான முடிவு. அதற்குப் பதில் அரசுச் சட்டக் கல்லூரியோ சி.ஏ.வோ நூறு மடங்கு மேல்.

இன்னும் தயக்கம் இருந்தால், தேர்வு விடுமுறையில் செலவில்லாத சோதனை ஒன்று செய்யலாம். டி.வி.எஸ். மோட்டார், எம்.ஆர்.எஃப். போன்ற பட்டியலிட்ட கம்பெனி எதுவானாலும் அதன் ஆண்டறிக்கை அவர்கள் இணையதளத்தில் கிடைக்கும். ஒரு வாரம் அதில் ஆடிட்டர் அறிக்கையையும், பேலன்ஸ் ஷீட்டின் பின்னால் வரும் குறிப்புகளையும் படியுங்கள். அடுத்த வாரம், பங்கு வெளியீட்டுக்காக ஏதாவதொரு கம்பெனி பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியிடம் தாக்கல் செய்த ஆவணத்தில் அபாயக் காரணிகள், முக்கிய ஒப்பந்தங்கள், நிலுவை வழக்குகள் என்ற பகுதிகளைப் படியுங்கள். அதுவும் செபியின் தளத்தில் இலவசம். இரண்டிலும் பாதி புரியாது; பரவாயில்லை. புரியாத இடத்தில் எதைத் தேடித் தெரிந்துகொள்ளத் தோன்றியது, எதை மூடிவைக்கத் தோன்றியது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டு, அந்தத் தாளோடு ஊரில் உள்ள ஓர் ஆடிட்டரையும் ஒரு வக்கீலையும் போய்ப் பாருங்கள். மதிப்பெண் சான்றிதழை மட்டும் நீட்டும் மாணவரைவிட இப்படிக் கேள்விகளோடு வருபவருக்கு அவர்கள் கட்டாயம் நேரம் ஒதுக்குவார்கள்.